மடத்து வாசலில் பிள்ளை கேட்போர்

திருமணமாகிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தும் மகப்பேறு வாய்க்காத தம்பதியர் நம்மிடையே மேற்கொள்ளும் பயணம் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் செல்கிறது. முதலில் ஊர் மருத்துவர். பிறகு பெருநகரத்துக் கருத்தரிப்பு மையம். இடையிடையே வேளாங்கண்ணியில் நேர்ச்சைத் தொட்டில். நகையும் நிலமும் கரைந்தபின், கடைசியாக ஒரு கன்னியர் மடத்தின் வரவேற்பறை. பங்குத்தந்தையின் சிபாரிசுக் கடிதத்தை மேசைமீது வைத்துவிட்டு, "மதர், எங்களுக்கு ஒரு பிள்ளை கொடுங்கள்" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

கேட்பது அதோடு முடிந்துவிடுமானால் நாம் இதனை எழுத வேண்டியதில்லை. பிறந்து சில நாள்களே ஆன குழந்தையாக இருக்க வேண்டும். நிறம் சற்று வெளுப்பாக இருந்தால் நல்லது. உடலில் குறையேதும் கூடாது. "யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால்..." என இழுத்து, சாதியைச் சொல்லாமற் சொல்லிக் கேட்பதும் உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, ஊரில் ஒருவருக்கும் தெரியக் கூடாது.

பிள்ளையில்லாத வீட்டின் துயரத்தை நாம் அறியாதவர் அல்லோம். வளைகாப்பு வீட்டிலும் திருமுழுக்கு விருந்திலும் அந்தப் பெண் எந்த மூலையில் உட்கார வைக்கப்படுகிறாள் என்பதைக் கண்டிருக்கிறோம். அவளைப் பழிப்பது நமது நோக்கமன்று. அவளை அந்த வாசலுக்கு அனுப்பி வைக்கும் குடும்பங்களோடும், விவரம் விசாரியாமல் கடிதம் எழுதித் தரும் மேய்ப்பர்களோடும், பிள்ளையைக் கேட்டால் கிடைக்கும் பொருளாக எண்ணிப் பழகிய பொது மனப்பான்மையோடுமே நாம் வழக்காடுகிறோம். தத்தெடுப்பு என்பது பெற்றோரற்ற பிள்ளைக்குப் பெற்றோரைத் தேடித் தரும் ஏற்பாடு. பிள்ளையற்ற வீடு அதனால் நிறைவது உண்மையே. ஆனால் அது விளைவு, நோக்கமன்று. இதனை ஒப்புக்கொண்டால் மேற்சொன்ன நிபந்தனைகளில் ஒன்றுகூட நிற்காது.

முதலில் ஒரு சாக்கை அகற்றிவிடுவோம். "கிறிஸ்தவர்களுக்குத் தத்தெடுக்கச் சட்டமே கிடையாது" என்ற பேச்சு இன்றும் கோயில் முற்றங்களில் கேட்கிறது. ஒரு காலத்தில் அது பெருமளவு உண்மைதான். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கு மட்டுமே உரியது. கிறிஸ்தவருக்கும் இசுலாமியருக்கும் பார்சிகளுக்கும் எஞ்சியிருந்தது, 1890-இல் ஆங்கிலேயர் இயற்றிய காப்பாளர் சட்டம். அதன்கீழ் ஒருவர் பிள்ளைக்குக் காப்பாளர் ஆகலாமேயன்றித் தந்தையோ தாயோ ஆக இயலாது. பிள்ளை உரிய வயதை எட்டியதும் அவ்வுறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துவிடும். வளர்த்தவர் உயில் எழுதாமல் இறந்தால் சொத்தில் பங்கில்லை. எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானதொரு தத்தெடுப்பு மசோதா 1972-இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டுப் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. 1980-இல் வந்த மற்றொன்றும் சட்டமாகவில்லை.

ஆனால் 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. 2006-இல் வந்த திருத்தம் அதனை மேலும் தெளிவாக்கியது. 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சப்னம் ஹாஷ்மி வழக்கில், எச்சமயத்தவரும் இச்சட்டத்தின்கீழ்த் தத்தெடுக்கலாம், அவரவர் தனிச் சட்டம் அதற்குத் தடையன்று எனத் தீர்ப்பளித்தது. இன்று நடப்பிலுள்ள 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு ஐயத்திற்கே இடம் வைக்கவில்லை. தத்து ஆணை பிறந்த நாளிலிருந்து அக்குழந்தை அப்பெற்றோருக்குப் பிறந்த குழந்தையாகவே, வாரிசுரிமை உட்பட எல்லாவற்றிற்கும், கொள்ளப்படும். ஆகவே இன்றைக்கும் "நமக்குச் சட்டமில்லை" என்பவர் கடந்த கால் நூற்றாண்டாக அதனைத் தேடிப் பார்க்கவில்லை என்பதே பொருள்.

உறவுக்குள் பிள்ளை எடுப்போரும் இதனைச் செவிமடுக்க வேண்டும். அக்காள் பிள்ளையையோ தம்பி பிள்ளையையோ வாய்ச்சொல்லால் வாங்கி வளர்ப்பது நம் பழைய வழக்கம். வளர்த்தவர் கண்மூடும்வரை எல்லாம் இனிதாகவே நடக்கும். முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு பங்காளிகள் கூடி, "தாள் எங்கே?" என்பார்கள். அப்போது அந்த இளைஞனின் கையில் இருப்பவை, ஒரு தகப்பன் பெயர் எழுதிய பள்ளிச் சான்றிதழும் வேறொரு தகப்பன் பெயர் எழுதிய திருமுழுக்குச் சான்றிதழுமே. உறவினர் பிள்ளையைத் தத்தெடுக்கவும் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் சமய வேறுபாடின்றி வழி வகுத்துள்ளது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்றோர் அலுவலகம் ஒவ்வொரு மாவட்டத்திலும் உண்டு. அங்கே போய் விசாரிப்பவர்தாம் அரியர்.

நிற்க. முறையான வழி எத்தகையது? மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் கணினித் தளத்தில் பதிவு செய்து, வயது, திருமணம், வருமானம், உடல்நலம் ஆகியவற்றிற்கான சான்றுகளைச் சேர்ப்பது முதற்படி. தம்பதியராயின் குறைந்தது ஈராண்டு நிலையான இல்லறம் நடத்தியிருக்க வேண்டும். இருவரும் இசைய வேண்டும். பின்னர்ச் சிறப்புத் தத்து வள மையத்தின் சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டிற்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். அவ்வறிக்கை மூன்றாண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் காத்திருப்பு. முறை வரும்போது ஒரு குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் காட்டப்படும். 48 மணி நேரத்திற்குள் விருப்பம் தெரிவித்தாக வேண்டும். நேரில் சென்று கண்டு, மையத்தின் குழுவும் இசைந்தபின், ஆணைக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பாகக் குழந்தை வீட்டிற்கு வருகிறது. ஆணை பிறப்பிப்பது முன்பு நீதிமன்றத்தின் பணியாக இருந்தது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபின் அது மாவட்ட ஆட்சியரின் பணியாயிற்று. ஆணைக்குப் பின்னும் ஈராண்டு காலம், ஆறு மாதத்திற்கு ஒருமுறை சமூகப் பணியாளர் நலம் விசாரிக்க வருவார்.

படிக்கும்போதே சலிப்புத் தட்டுகிறதன்றோ? "தாமே பெற்றுக்கொள்பவரை எவராவது இப்படிக் கேள்வி கேட்கிறார்களா?" என்று ஒரு நண்பர் எம்மிடம் சினந்தார். கேள்வி நியாயமானதே. பதிலும் எளியதே. அக்குழந்தை ஏற்கெனவே ஒருமுறை தன் வீட்டை இழந்துவிட்டது. இன்னொரு முறை இழக்கலாகாது. வேறொருவர் பிள்ளையைக் கையில் வைத்திருக்கும் அரசு, அதனை யாரிடம் கொடுக்கிறோம் என்று பாராமல் கொடுத்தால் அன்றோ நாம் சினக்க வேண்டும்?

வீட்டு ஆய்வை நம்மவர் ஒரு தேர்வாக, ஏன், ஒரு சோதனையிடலாகவே கருதுகின்றனர். பணியாளர் வரும் நாளில் வீட்டிற்கு வெள்ளையடித்து, பாட்டிக்குப் பதில்களைப் பாடம் சொல்லிக் கொடுத்து வைப்பதும் நடக்கிறது. அங்கே கேட்கப்படுபவை என்ன? உங்கள் மாமியார் இதற்கு மனமொப்பினாரா? பிள்ளை படிப்பில் பின்தங்கினால் என்ன செய்வீர்கள்? உங்களில் ஒருவர் இறந்தால் இப்பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்? தத்துப்பிள்ளை என்பதை அதனிடம் எப்போது, எப்படிச் சொல்வீர்கள்? இவற்றுள் எந்தக் கேள்வி தேவையற்றது? பத்தாண்டு மருத்துவத்தில் அந்தத் தம்பதியரின் உடலைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்ட இச்சமூகத்தில், அவர்கள் மனத்தைப் பற்றி முதன்முதலாகக் கேட்பவர் அந்தச் சமூகப் பணியாளராகவே இருக்கக்கூடும். பிறக்காத பிள்ளைக்காக அழுது முடித்துவிட்டீர்களா என்பதும் அக்கேள்விகளுள் அடங்கும். அழுது முடியாத வீட்டிற்கு வரும் பிள்ளை, தான் காணாத இன்னொரு பிள்ளையோடு நாள்தோறும் ஒப்பிடப்படும்.

தாமதத்தைப் பற்றிய முறையீட்டில் நம்மவர் அடியோடு மறந்துபோகும் ஒருத்தி உண்டு. அவள் பெற்ற தாய். தத்தெடுப்பைப் பற்றி நாம் நடத்தும் கூட்டங்களிலும் சொல்லும் சாட்சியங்களிலும் அவள் எங்கும் இல்லை. குழந்தை வானத்திலிருந்து இறங்கிவந்ததைப்போல் 'ஆண்டவர் தந்த கொடை' என்கிறோம். ஆண்டவர் அதனை ஒரு பெண்ணின் வயிற்றில் அல்லவா தந்தார்? நூற்பாலைக்கு வேலைக்கு வந்து ஏமாற்றப்பட்டவளாகவோ, நான்காவதும் பெண்ணென்று கணவனால் ஒதுக்கப்பட்டவளாகவோ, கணவன் இறந்தபின் பெற்று வழியறியாது நிற்பவளாகவோ அவள் இருக்கலாம். பிள்ளையை ஒப்படைக்க விரும்பும் தாய் குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து கையொப்பமிட்ட பின்னும், மனம் மாறித் திரும்பப் பெற்றுக்கொள்ள 60 நாள் அவகாசத்தைச் சட்டம் அவளுக்கு அளித்துள்ளது. கைவிடப்பட்ட குழந்தையாயின் உறவினரைத் தேடிப் பார்த்த பிறகே தத்துக்குரியதாக அறிவிக்கப்படும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதற்கு இரண்டு மாதமும், மேற்பட்ட பிள்ளைக்கு நான்கு மாதமும் குறிக்கப்பட்டுள்ளன. இந்த நாள்களைத்தாம் நாம் 'வீண் தாமதம்' என்கிறோம். பேறுகால நோவு ஆறாத ஒருத்தி, இரண்டு மாதம் யோசித்து, "என் பிள்ளையை நானே வளர்க்கிறேன்" என்று திரும்பி வந்தால் அதற்காக மகிழத் தெரியாதவர் தத்தெடுக்கத் தகுதியுடையவர்தாமா என நாம் ஐயுறுகிறோம்.

1992-இல் தமிழக அரசு சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கு நினைவுக்கு வருகிறது. பெண்சிசுக் கொலை மலிந்திருந்த வட்டாரத்தில், கொல்வதற்குப் பதில் இத்தொட்டிலில் விட்டுச் செல்க, பெயர் கேட்கமாட்டோம் என்றது அரசு. பல உயிர்கள் அதனால் பிழைத்தன. கேள்வி கேளாமை அதன் இரக்கம். அதுவே அதன் குறையுமாயிற்று. அத்தொட்டிலிலிருந்து வளர்ந்தவர் இன்று தம்மைப் பெற்றவளைத் தேடினால் தாளில் ஒரு வரியும் இல்லை.

இனி, குறுக்கு வழியைப் பற்றி. 2019-இல் நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் குழந்தைகளை விற்ற செய்தி வெளியாயிற்று. அவர் பேசிய தொலைபேசி உரையாடலைத் தமிழகமே கேட்டது. ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை. நிறத்திற்கும் எடைக்கும் ஏற்றாற்போல் கூடுதல் குறைவு. 2021-இல் மதுரையில் ஒரு காப்பகம், குழந்தை கொரோனாவால் இறந்துவிட்டதாகப் பொய்க்கணக்கு எழுதிவிட்டு அதனை விற்றிருந்தது. செய்தித்தாளைப் படித்த நம் வீடுகளில் எழுந்த கூக்குரல் நினைவிருக்கிறது. 'இப்படியும் பெண்களா?' என்றோம். அந்த விலைப்பட்டியலை எழுதியவர் யார் என்று மட்டும் கேட்கவில்லை. வெளுத்த பிள்ளை வேண்டும், நோயற்ற பிள்ளை வேண்டும், பிறந்த சூட்டோடு வேண்டும் என்று கேட்பவர் இருந்தமையால் அல்லவா அவ்விலைகள் உண்டாயின? மடத்து வரவேற்பறையில் பணிவோடு சொல்லப்படும் நிபந்தனைகளும் அவையே.

விற்பதும் வாங்குவதும் ஐந்தாண்டு வரை கடுங்காவலுக்குரிய குற்றம். மருத்துவமனை ஊழியராயின் ஏழாண்டு வரை செல்லும். பணமே கைமாறாவிடினும், முறையை மீறிக் குழந்தையைக் கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் மூன்றாண்டுச் சிறையோ ஓர் இலட்சம் ரூபாய் தண்டமோ இரண்டுமோ உண்டு. "காசு வாங்கவில்லையே, புண்ணியத்திற்குத்தானே செய்தோம்" என்னும் நல்ல உள்ளங்களுக்காகவே இதனை இங்கு எழுதுகிறோம். பேறுகாலப் பதிவிலேயே வளர்ப்புத்தாயின் பெயரைப் பெற்றவள் பெயராக எழுதிவிடும் தந்திரமும் வழக்கிலுள்ளது. அப்படி வாங்கிய பிறப்புச் சான்றிதழின்மேல் கட்டப்படும் வாழ்வு, ஒரு பங்காளியின் புகார்க் கடிதத்திற்கோ ஒரு குருதிச் சோதனைக்கோ அஞ்சியே நிற்க வேண்டியதாகும்.

மடங்களைக் குறித்தும் ஒரு தெளிவு தேவை. அன்னை தெரசா நிறுவிய சபை, தனித்து வாழ்வோரும் மணமுறிவு பெற்றோரும் தத்தெடுக்க இடமளித்த விதிகள் தன் மனச்சான்றுக்கு ஒவ்வாதவை என்று கூறி, 2015-இல் இந்தியாவில் தத்துப் பணியிலிருந்து விலகிக்கொண்டது. அம்முடிவைப் பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. அது தனிக் கட்டுரைக்குரியது. நாம் சொல்ல வந்தது வேறு. அரசின் அங்கீகாரமில்லாத எந்த இல்லமும் எவர் கையிலும் குழந்தையைக் கொடுக்க முடியாது. அங்கீகாரமுள்ள இல்லமும் வரிசையை மாற்றிக் கொடுக்க முடியாது. எனவே பங்குத்தந்தையின் கடிதம் ஒரு நல்ல கன்னியரைச் சங்கடத்தில் ஆழ்த்துவது தவிர வேறெதற்கும் பயன்படாது.

சாதிக்கு வருவோம். பதிவுப் படிவத்தில் பாலினம், வயது, உடல்நிலை முதலியன குறித்து விருப்பம் தெரிவிக்கலாம். சாதியைத் தெரிந்தெடுக்க அதில் இடமில்லை. நம் உறவினர் கூட்டத்திலோ அதுவே முதற்கேள்வி. "எந்த இரத்தமோ?" என்கிறார்கள். ஒரே கிண்ணத்திலிருந்து பருகும் மக்களின் வாயில் இரத்தம் என்ற சொல் இப்பொருளில் வருவது நம் காதுகளுக்குக் கூசவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிய சமூகம், தொட்டிலுக்கும் சுவர் கேட்பதில் வியப்பில்லைதான். மத்தேயு எழுதும் வழிமரபுப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். ஆபிரகாமிலிருந்து தாவீது வழியாக இறங்கிவரும் அப்பட்டியல் சூசையப்பரிடம் வந்து நிற்கிறது. குருதியால் தந்தையல்லாத ஒருவர் வழியாகவே இயேசு தாவீதின் மகனாகிறார். பவுல், நாம் கடவுளின் மக்களானதை விளக்க, உரோமைச் சட்டத்தின் தத்தெடுப்புச் சொல்லைத் தம் திருமுகங்களில் ஐந்து இடங்களில் கையாள்கிறார். தத்துப்பிள்ளையை இரண்டாந்தரப் பிள்ளையென்று கருதும் கிறிஸ்தவர், தாம் எவ்வகைப் பிள்ளை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்.

திருச்சபையின் சட்டத்திலும் ஒரு காலத்தில் கறை இருந்தது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், முறையான மணத்திற்கு வெளியே பிறந்தவரைக் குருத்துவத்திற்குத் தடையுள்ளவராகக் கொண்டது. தனி விலக்குப் பெற்றே அவர் குருவாகலாம். 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தடை இல்லை. நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்டோர் தத்தெடுத்தவரின் மக்களாகவே கருதப்படுவர் என அதன் 110-ஆம் விதி கூறுகிறது. தத்துப்பிள்ளையின் திருமுழுக்கை எவ்வாறு பதிய வேண்டும் என்பதற்கும் 877-ஆம் விதியில் வழிகாட்டல் உண்டு. உரோமை அழித்துவிட்ட கறையை நம் வீட்டுத் திண்ணைகள் இன்னும் துடைக்கவில்லை.

இந்தக் கறையிலிருந்து பிறப்பதே ஒளிவுமறைவு. ஆறு மாதம் வெளியூரில் தங்கிக் கைக்குழந்தையோடு திரும்பி வருவோரை நாம் அறிவோம். வயிற்றில் துணி கட்டிக்கொண்டு நடந்த பெண்ணைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறோம்; அவளை அந்நிலைக்குத் தள்ளியவர்கள் நாணட்டும். ஊரறிந்த இரகசியத்தை அந்தப் பிள்ளை மட்டும் அறியாமல் வளர்கிறது. பின்னர்ப் பள்ளியில் ஒரு சண்டையின்போதோ, பெண் பார்க்கும் சமயத்திலோ, சொத்துத் தகராறிலோ, அன்பில்லாத ஒருவர் வாயிலிருந்து அதனைக் கேட்கிறது. அன்றைக்கு அப்பிள்ளையை வாட்டுவது தான் தத்துப்பிள்ளை என்ற செய்தியன்று. இத்தனை ஆண்டும் அம்மா பொய் சொன்னாள் என்பதே. மூன்று நான்கு வயதிலேயே கதையாகச் சொல்லத் தொடங்கிய வீடுகளில் இந்த இடி விழுவதில்லை. பதினெட்டு வயது நிறைந்தவர் தம் பிறப்பின் வேர்களைப் பற்றி அறிய விண்ணப்பிக்கலாம் என்று விதிகளே உரிமை வழங்கியுள்ளன. பெற்றவளின் மறைவுரிமையும் அதில் காக்கப்படும்.

அரசையும் இல்லங்களையும் கேட்க வேண்டிய கேள்வி இல்லாமலில்லை. 2022 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த அறிக்கையின்படி, முந்தைய ஆண்டின் இறுதியில் பதிவு செய்து காத்திருந்தோர் 27,939 பேர். தத்துக்கு உரியவர்களாகக் கருதத்தக்க பிள்ளைகள் இல்லங்களில் 6,996 பேர் இருந்தனர். அவர்களுள் சட்டப்படி அறிவிக்கப்பட்டவர் 2,430 பேரே. காத்திருக்கும் காலம் ஓராண்டிலிருந்து மூன்றாண்டாக நீண்டுவிட்டதென்றும் குழு குறிப்பிட்டது. 2024-25-இல் நாடெங்கும் 4,515 தத்தெடுப்புகள் நிறைவேறின என்பது ஆறுதல்தான். ஆயினும், அறிவிக்கப்படாமல் இல்லங்களில் தங்கிப்போன அந்த ஆயிரக்கணக்கானோரின் கோப்புகள் யார் மேசையில் உறங்கின? ஆண்டுக்கணக்கில் ஒருவரும் வந்து பாராத பிள்ளைகளைப் பற்றிக் குழந்தைகள் நலக் குழுவிற்கு எழுதாமல், "எங்களிடம் நன்றாகத்தானே இருக்கிறான்" என்று வைத்துக்கொள்ளும் இல்லங்கள், நம் மறைமாவட்டங்களின் நிருவாகத்தில் உள்ளவையும் சேர்த்தே, தம் பதிவேடுகளைத் திறந்து பார்க்கட்டும். சோறும் படிப்பும் தருவது நற்பணி. ஒரு வீடு கிடைக்கக்கூடிய பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் விடுதிக் கட்டிலைத் தருவது அதே நற்பணி ஆகாது.

காத்திருப்போரின் பெருந்தொகைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர்களுட் பெரும்பாலோர் கேட்பது ஈராண்டுக்குட்பட்ட, நோயற்ற குழந்தையையே. வயதுக் கணக்கோ அதற்கு இடங்கொடுப்பதில்லை. கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85-க்கு மேற்படாதவர்க்கே இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை. நான்கு வயது வரையெனில் 90. எட்டு வயது வரையெனில் 100. அதற்கு மேலெனில் 110. ஐம்பது வயதுக் கணவரும் நாற்பத்தாறு வயது மனைவியும் கருத்தரிப்பு மையத்தின் கடைசி ரசீதோடு வந்து கைக்குழந்தை கேட்டால், கிடைக்கக்கூடியது நான்கு வயதைக் கடந்த பிள்ளை. "வளர்ந்த பிள்ளை ஒட்டாதே" என்று எழுந்து போய்விடுகிறார்கள். எட்டு வயது அக்காளும் ஐந்து வயதுத் தம்பியும் பிரியாமல் ஒரே வீட்டிற்குப் போகக் காத்திருக்கிறார்கள் என்றால், "இரண்டா?" என்கிறார்கள். எவரும் ஏற்க முன்வராத இத்தகைய பிள்ளைகளைக் கேட்போர்க்கு வரிசை மூப்புக்கூடத் தடையாவதில்லை. ஏற்கெனவே பிள்ளைகள் உள்ள குடும்பங்களும் இவர்களை ஏற்கலாம். இது பலருக்குத் தெரியாது.

வளர்ந்த பிள்ளை ஒட்டாது என்பது பாதிப்பேச்சு. ஒட்ட நாளாகும் என்பதே சரி. வந்த புதிதில் அவன் ரொட்டித் துண்டுகளைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கக்கூடும். நாளைக்கும் சோறு உண்டு என்பதை அவன் இன்னும் நம்பவில்லை. எதையாவது உடைத்துவிட்டு, திருப்பி அனுப்புவார்களா என்று முகத்தைப் பார்ப்பான். அம்மா என்று கூப்பிட மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்களில் அன்பியத்தார் திரண்டு வந்து, "என்ன, பழகிவிட்டானா? உங்களைப் போலவே இல்லையே" என்று அவன் காதுபடக் கேளாதிருந்தால், அந்த வீட்டிற்கு அதுவே பேருதவி.